பந்து எங்கே விழுகிறது? டென்னிஸ் ராக்கெட்டின் பவர், கண்ட்ரோல் கோளாறுகளைச் சரிசெய்யும் வழி

"பவர் வேணுமா, கண்ட்ரோல் வேணுமா?" ராக்கெட் வாங்கப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது இதுதான். உண்மையைச் சொன்னால் எல்லோருக்கும் இரண்டுமே வேண்டும். நம்மால் உறுதியாகச் சொல்ல முடிவது வேறு: அடித்த பந்து எங்கே போய் விழுகிறது, அடித்த கை எப்படி இருக்கிறது. இந்த இரண்டை வைத்தே கோளாறைப் பிடித்துவிடலாம். நான் பார்த்தவரை பெரும்பாலான கோளாறுகள் ஸ்ட்ரிங்கைச் சரிசெய்வதோடு முடிந்துவிடுகின்றன. புது ராக்கெட் வரை போக வேண்டியதில்லை.

கீழே ஒவ்வொரு அறிகுறியாகச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு உள்ளதைத் தேடிப் படித்தால் போதும். ஆனால் அடுத்து வரும் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

முதலில் ஒரு கால் மணி நேரம்

புது டப்பா பந்தைத் திறந்துகொள்ளுங்கள். பழைய பந்தை வைத்து ராக்கெட்டைக் குறை சொல்லக் கூடாது. போட்டிக்கான சாதாரணப் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டியான தரையில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. டப்பா திறந்து சில வாரம் ஆன பந்து காற்றழுத்தம் இறங்கி மந்தமாகிவிடும். புதுப் பந்தையும் பழையதையும் தலை உயரத்திலிருந்து ஒன்றாக விட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கூட ஆடுபவரை ஃபோர்ஹேண்ட் பக்கம் 20 பந்து, பேக்ஹேண்ட் பக்கம் 20 பந்து நிதானமாகப் போடச் சொல்லுங்கள். ஓடிப்போய் எட்டி அடித்தவை கணக்கில் வேண்டாம். வழக்கமாக ஆட்டத்தில் வீசுகிற வேகத்திலேயே வீசுங்கள். கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனைத் தாண்டியவை எத்தனை, வலையை ஒட்டிய சர்வீஸ் பாக்ஸுக்குள்ளேயே விழுந்தவை எத்தனை, வலையில் மாட்டியவை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிழைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் கருவியைச் சந்தேகிக்கலாம். ஒன்று வெளியே, ஒன்று வலையில், ஒன்று குட்டை என்று சிதறிக் கிடந்தால் அது பவர் பிரச்சினையே அல்ல. நேராக "நேற்று வரை நன்றாக இருந்தது" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: பந்து பேஸ்லைனைத் தாண்டிப் பறக்கிறது

முதலில் ஏன் பறக்கிறது என்று தெரிந்துகொள்வோம். பந்து ஸ்ட்ரிங்கில் தங்குவது ஏறத்தாழ 5 மில்லி வினாடிதான். அந்த நேரத்தில் மூன்று பொருள்கள் அமுங்குகின்றன: பந்து, ஸ்ட்ரிங், ஃப்ரேம். ஸ்ட்ரிங் தான் வாங்கிய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பந்து அப்படியல்ல, நசுங்கினால் பாதியளவு சக்தியை விழுங்கிவிடும். ஃப்ரேம் வளைந்தால் அது நிமிர்வதற்குள் பந்து போய்விடுவதால் அந்தச் சக்தியும் வீண். ஆகவே தளர்ந்த ஸ்ட்ரிங்கும் வளையாத ஃப்ரேமும் பவர் கொடுக்கும். இறுக்கிய ஸ்ட்ரிங்கும் வளைந்து கொடுக்கும் ஃப்ரேமும் பவரைக் குறைக்கும். எல்லா வைத்தியமும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

இதைவிடப் பெரியது பந்து கிளம்பும் கோணம். ஸ்ட்ரிங் தளர்ந்திருந்தாலோ கம்பிகளுக்கு இடையிலான கட்டம் அகலமாக இருந்தாலோ பந்து சற்று மேல்நோக்கிக் கிளம்பும். 1 டிகிரி கூடினாலே 20 மீட்டர் தள்ளி ஏறத்தாழ 35 செ.மீ. உயர வித்தியாசம் வந்துவிடும். கோர்ட்டின் மொத்த நீளமே 23.77 மீட்டர்தான். "பவர் அதிகம்" என்று நாம் புலம்புவதில் பாதிக்கு மேல் இந்தக் கோணம்தான் என்பது என் அனுபவம்.

செய்ய வேண்டியவை, இந்த வரிசையிலேயே:

ஸ்ட்ரிங் பழசா என்று பாருங்கள். பழசானால் டென்ஷன், அதாவது ஸ்ட்ரிங்கை இறுக்கிக் கட்டிய அளவு, இறங்கியிருக்கும். அதே டென்ஷனில் புதிதாகக் கட்டி மறுபடி அந்த 40 பந்துச் சோதனையைச் செய்யுங்கள். இதிலேயே சரியானால் வேறெதையும் தொட வேண்டாம்.

சரியாகவில்லை என்றால் 2 பவுண்டு ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். ஒரேயடியாக 6 பவுண்டு ஏற்றாதீர்கள். எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். ராக்கெட் கழுத்தின் உட்பக்கத்தில் தயாரிப்பாளர் சொல்லும் எல்லை அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக 50 முதல் 60 பவுண்டுக்குள் இருக்கும் அதைத் தாண்ட வேண்டாம்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் ஸ்ட்ரிங் வகையை மாற்றுங்கள். மல்டிஃபிலமென்ட் (பல மெல்லிய நைலான் இழைகளைச் சேர்த்த மென்மையான ஸ்ட்ரிங்) கட்டியிருந்தால் 'சிந்தெடிக் கட்' (gut) என்கிற சாதாரண நைலான் ஸ்ட்ரிங்குக்கு வாருங்கள், அல்லது கனத்தை 1.25 மி.மீ.யிலிருந்து 1.30க்கு ஏற்றுங்கள். முழு வீச்சில் வேகமாக வீசுபவர், முழங்கையில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர் மட்டும் விறைப்பான பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கை யோசிக்கலாம்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஃப்ரேம். தலை 105 சதுர அங்குலத்துக்கு மேல் இருந்தால் 100 அல்லது 98க்கு இறங்கலாம். பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் ஃப்ரேமின் தடிமன் 26 மி.மீ. போன்ற தடித்த உடல் என்றால் 22, 23க்கு வாருங்கள். நெடுக்கே 16, குறுக்கே 19 கம்பி உள்ள 16×19 கட்டத்திலிருந்து 18×20க்குப் போனால் பந்து தாழ்வாகக் கிளம்பும். குறி வைக்க அருமையாக இருக்கும், ஆனால் டாப்ஸ்பின் (பந்து முன்னோக்கி உருளும் சுழற்சி) கொஞ்சம் குறையும்.

இங்கே நான் செய்த தவற்றைச் சொல்லியாக வேண்டும். எடை குறைவான, தலை பெரிய, விறைப்பான ராக்கெட் ஒன்றை ஆசையாக வாங்கினேன். அடித்ததெல்லாம் வெளியே போனது. ஃப்ரேமை மாற்ற மனமில்லாமல் பாலியெஸ்டர் போட்டு 60 பவுண்டில் இறுக்கினேன். பந்து உள்ளே விழ ஆரம்பித்தது. மூன்றே வாரத்தில் தண்ணீர் சொம்பைத் தூக்கினாலே முழங்கையின் வெளிப்பக்கம் சுள்ளென்று இழுத்தது. ஃப்ரேமின் கோளாறை ஸ்ட்ரிங்கால் அமுக்கப் பார்த்தால் மிச்சத்தைக் கை வாங்கிக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பந்து வெளியே போகிறதே என்று பயந்து வீச்சைப் பாதியில் பிடித்துக்கொள்கிறோம். வீச்சு குறைந்தால் டாப்ஸ்பின் குறையும். ஸ்பின் இல்லாத பந்து கீழே இறங்காமல் இன்னும் நீளமாகப் போகும். அதனால்தான் பவர் மிகுந்த ராக்கெட்டோடு சில மாதம் ஆடியவர்களின் வீச்சே சுருங்கிப்போகிறது. நல்ல ராக்கெட் என்பது நீங்கள் தயங்காமல் முழுதாக வீசியும் பந்து கோட்டுக்குள் விழுகிற ராக்கெட். என் அளவுகோல் இது ஒன்றுதான்.

அறிகுறி: முழு பலத்தோடு அடித்தும் பந்து குட்டையாக விழுகிறது

இதற்கு நேர் எதிரான வைத்தியம் என்று நினைக்கலாம். பாதிதான் சரி.

ஸ்ட்ரிங்கிலேயே தொடங்குங்கள். பெரிய ஆட்டக்காரர்கள் கட்டுகிறார்களே என்று பாலியெஸ்டர் கட்டியவர்களுக்கு இந்த அறிகுறி வரும். 1997இல் குஸ்தாவோ குயர்டன் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கோடு பிரெஞ்ச் ஓபனை வென்ற பிறகு அது எல்லோர் ராக்கெட்டிலும் ஏறியது. ஆனால் அந்த ஸ்ட்ரிங் நகர்ந்து திரும்பி ஸ்பின் கொடுக்க அசுர வேக வீச்சு வேண்டும். நிதானமாக வீசுபவருக்கு அது வெறும் கம்பி. அவிழ்த்துவிட்டு மல்டிஃபிலமென்ட் கட்டுங்கள், டென்ஷனை 3 பவுண்டு இறக்குங்கள். ஒரே நாளில் பந்து ஓரடி, ஈரடி ஆழமாகப் போவதைப் பார்ப்பீர்கள்.

அடுத்தது எடை. "ராக்கெட் லேசாக இருந்தால் வேகமாக வீசலாம், வேகமாக வீசினால் பவர் வரும்" என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஓரளவுக்கு மேல் இது எடுபடாது. எதிரிலிருந்து வேகமாக வரும் 58 கிராம் பந்தைத் தடுத்துத் திருப்ப ராக்கெட்டில் சரக்கு வேண்டும். 260 கிராம் ராக்கெட் வலுவான பந்துக்கு முன்னால் பின்வாங்கிவிடும், பந்து செத்து விழும். வளர்ந்த, ஆரோக்கியமான ஆளுக்கு ஸ்ட்ரிங் இல்லாமல் 285 முதல் 305 கிராம் வரை நல்ல தொடக்கம். ஸ்ட்ரிங் ஏறினால் இன்னும் 15 கிராமுக்கு மேல் கூடும், கைப்பிடியின் மேல் சுற்றும் நாடாவான ஓவர்கிரிப் சுற்றினால் 5 கிராம் சேரும்.

புதிது வாங்காமல் எடையைச் சோதிக்க வழி உண்டு. ஈய நாடா அல்லது டங்ஸ்டன் நாடா வாங்கி ராக்கெட் தலையில் ஒட்டிப் பார்க்கலாம். ஈயம் ஒட்டினால் கையைக் கழுவுங்கள், சிறு பிள்ளைகள் தொடும் இடத்தில் வைக்காதீர்கள். தலை உச்சியில், கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில், 2 கிராம் ஒட்டினால் வீச்சு எடை ஏறத்தாழ 7 புள்ளி கூடும். வீச்சு எடை என்பது தராசு காட்டும் எடை அல்ல, வீசும்போது கை உணர்கிற பாரம். ஸ்ட்ரிங் கட்டிய ராக்கெட்டுகளில் 310 முதல் 330 வரை பெரும்பாலோர் சமாளிக்கும் எல்லை. அந்த 2 கிராம் ராக்கெட்டின் குணத்தையே மாற்றிவிடுவதைப் பார்த்து நான் அசந்துபோயிருக்கிறேன். ஒரு கிராம் ஒரு கிராமாக ஏற்றுங்கள்.

தலையின் அளவைப் பெரிதாக்குவது கடைசி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரோஜர் ஃபெடரர் பல ஆண்டுகள் 90 சதுர அங்குலத் தலையோடு ஆடிவிட்டு 2014இல் 97க்கு மாறினார். 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் நடாலின் எகிறும் பந்துகளை அவர் பேக்ஹேண்டில் தயங்காமல் அடித்தது அந்தப் பெரிய தலையோடுதான். ஒன்றை மறக்காதீர்கள்: தலை பெரிதானால் ஸ்ட்ரிங்கின் நீளமும் கூடும், அதே பவுண்டில் கட்டினாலும் தளர்வாக உணரும்.

அறிகுறி: நேற்று வரை நன்றாக இருந்தது, இப்போது எங்கே போகிறதென்றே தெரியவில்லை

ராக்கெட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். குறுக்குக் கம்பியும் நெடுக்குக் கம்பியும் உரசும் இடத்தில், நடுப்பகுதியில், நகத்தால் வருடிப் பாருங்கள். சின்னச் சின்னப் பள்ளம் தட்டுப்படும். ஒரு நெடுக்குக் கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி விடுங்கள். பாலியெஸ்டர் புதிதாக இருந்தால் டிக்கென்று பழைய இடத்துக்கே திரும்பும். பள்ளத்தில் சிக்கி அங்கேயே நின்றுவிட்டால் அந்த ஸ்ட்ரிங் முடிந்துவிட்டது. அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்று காத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் செத்த ஸ்ட்ரிங்கோடு ஆடி, தங்கள் ஃபோர்ஹேண்ட் போய்விட்டது என்று வருந்துகிறார்கள்.

வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, வருஷத்தில் அத்தனை முறை ஸ்ட்ரிங் மாற்று என்பது பழைய வழக்கு. நைலான் வகைகளுக்கு அது சரியாக வரும். பாலியெஸ்டருக்குப் போதாது, அது அறுவதற்கு வெகுநாள் முன்பே டென்ஷனை இழந்துவிடும். 15, 20 மணி நேரம் ஆடியதும் நான் வெட்டி எறிந்துவிடுகிறேன். அவ்வளவு அடிக்கடி மாற்ற இயலாதவர்கள் பாலியெஸ்டர் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

ஸ்ட்ரிங் புதிதாக இருந்தும் பந்து சிதறினால், பந்து தலையின் எந்த இடத்தில் படுகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்ட்ரிங்கில் லேசாகச் சாக்பொடி தடவி பத்து பந்து அடியுங்கள், தடம் தெரியும். நடுவை விட்டு ஓரத்தில் பட்டால் அடுத்த பகுதி உங்களுக்குத்தான்.

அறிகுறி: அடிக்கும்போது ராக்கெட் கையில் திரும்பிக்கொள்கிறது

கிரிப் அளவுதான் முதல் குற்றவாளி. ராக்கெட்டை வழக்கம்போலப் பிடியுங்கள். விரல் நுனிகளுக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவில் இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் சரியாக நுழைய வேண்டும். நுழையவே இல்லை என்றால் கிரிப் சிறிது. ஓவர்கிரிப் ஒன்று சுற்றினால் ஓர் அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு சுற்றளவு கூடும். விரலுக்குப் பிறகும் இடம் தாராளமாக இருந்தால் கிரிப் பெரிது. அதைக் குறைப்பது கஷ்டம். அதனால் வாங்கும்போது இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் சிறியதையே எடுங்கள்.

வியர்த்து வழுக்குகிறதா என்றும் பாருங்கள். ஓவர்கிரிப் வழுவழுப்பானதும் மாற்றுங்கள். நாள் கணக்கு பார்க்க வேண்டாம்.

கிரிப் சரியாக இருந்தும் ஓரத்தில் படும் பந்துகளுக்கு ராக்கெட் திரும்பினால், தலையின் இரு பக்கமும், 3 மணிக்கும் 9 மணிக்கும், பக்கத்துக்கு ஒரு கிராம் ஈய நாடா ஒட்டுங்கள். முறுக்கம் குறையும். உச்சியில் ஒட்டுவதைப் போல வீச்சு எடையும் அவ்வளவு ஏறாது. வலைக்கு அருகில் வாலி ஆடுபவர்களுக்கு (பந்து தரையில் படும் முன்பே அடிப்பவர்களுக்கு) இது பெரிய நிம்மதி.

அறிகுறி: முழங்கை வலிக்கிறது

இதில் மட்டும் பவரையும் கண்ட்ரோலையும் ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்.

வலி இருந்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள், மருத்துவரைப் பாருங்கள். ராக்கெட்டை மாற்றினால் வலி போகும் என்று வலியோடு ஆடாதீர்கள். திரும்ப ஆட வரும்போது இந்த வரிசையில் மாற்றங்களைச் செய்யுங்கள். பாலியெஸ்டர் இருந்தால் அன்றே வெட்டிவிடுங்கள். மல்டிஃபிலமென்ட் அல்லது இயற்கைக் கட் (விலங்குக் குடலிலிருந்து செய்யும் ஸ்ட்ரிங்) கட்டுங்கள், டென்ஷன் 50 பவுண்டு அல்லது அதற்கும் கீழே. அடுத்து ஃப்ரேமின் விறைப்பு. ஆர்.ஏ. என்ற எண்ணால் அதைச் சொல்வார்கள்: 60க்குக் கீழே மென்மை, 68க்கு மேல் விறைப்பு. முழங்கை ஒருமுறை பழுதானவர் 65ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

எடையைக் குறைத்தால் கைக்கு நல்லது என்ற நினைப்பு இங்கேயும் ஆளைக் கவிழ்க்கும். லேசான ராக்கெட் அதிர்ச்சியைத் தாங்காது, உங்கள் கையிடமே தள்ளிவிடும். கை தூக்க முடிகிற அளவில் கனமான, பாரம் கைப்பிடிப் பக்கம் சாய்ந்த ராக்கெட்டே முழங்கைக்கு நண்பன். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க மேசை விளிம்பில் ஓர் அளவுகோலை நிமிர்த்தி வைத்து அதன்மேல் ராக்கெட்டைக் குறுக்கே படுக்க வையுங்கள். 68.5 செ.மீ. நீள ராக்கெட்டின் நடு 34.25 செ.மீ. அடிப்பக்கத்திலிருந்து 32, 33 செ.மீ.யில் சமநிலை வந்தால் பாரம் கைப்பக்கம். 35க்கு மேல் போனால் தலைப்பக்கம்.

ஸ்ட்ரிங்கில் செருகும் அந்தச் சின்ன ரப்பர் டேம்பனர் ஓசையை மாற்றும், ஸ்ட்ரிங்கின் ரீங்காரத்தை அடக்கும். ஃப்ரேமின் அதிர்ச்சியைத் தடுக்காது. முழங்கைக்கு மருந்தென்று அதை நம்ப வேண்டாம்.

அறிகுறி: முதல் செட்டில் ராஜா, மூன்றாவது செட்டில் கை வரவில்லை

ராக்கெட் உங்களுக்குக் கனம். குறிப்பாக வீச்சு எடை அதிகம். பந்து தாமதமாகப் படுவது, சர்வீஸ் வலையில் விழுவது இதன் அடையாளம். உச்சியில் ஈயம் ஒட்டியிருந்தால் எடுங்கள். ஒட்டவில்லை என்றால் கைப்பிடியின் அடியில் சில கிராம் சேர்த்துப் பாருங்கள். மொத்த எடை கூடினாலும் ராக்கெட் கைக்குள் லாவகமாகச் சுழலும். அதுவும் உதவவில்லை என்றால் 10 கிராம் குறைந்த ராக்கெட்டைத் தேடுங்கள். எடையைச் சோர்ந்த கையால் சோதியுங்கள்.

அறிகுறி: ஸ்பின் ஏறவே மாட்டேன் என்கிறது

ஸ்பின்னில் ஸ்ட்ரிங்குக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு 1977இல் நடந்த ஒன்றே போதும். இழைகள் தாராளமாக நகரும்படி இரட்டை அடுக்காகக் கட்டிய "ஸ்பகெட்டி" ராக்கெட்டோடு வந்த இலி நஸ்டாசே, களிமண் தரையில் 53 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றிருந்த கில்லெர்மோ விலாஸை நிறுத்தினார். பந்து தாறுமாறாக எகிறியது, விலாஸ் பாதியிலேயே விலகிவிட்டார். அந்தக் கட்டு விரைவில் தடை செய்யப்பட்டது.

தடை செய்யாத வழி நமக்கு இருக்கிறது. நெடுக்குக் கம்பிகள் வழுக்கி நகர்ந்து திரும்ப வேண்டும். 18×20 கட்டத்தில் ஆடுபவர் 16×19க்கு வரலாம். நெடுக்கே பாலியெஸ்டர், குறுக்கே மென்மையான நைலான் என்று கலந்து கட்டுவதும் நல்ல நடுவழி. ஆனால் ராக்கெட் முகத்தைப் பந்துக்குக் கீழிருந்து மேலாகக் கொண்டுபோகாத கைக்கு எந்த ஸ்ட்ரிங்கும் ஸ்பின் கொடுக்காது. அதற்குப் பயிற்சியாளர்தான் வேண்டும்.

எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால்

அப்போது ராக்கெட்டை மாற்றுங்கள், மனசாட்சி உறுத்தாமல். எங்கே தொடங்குவது என்று தெரியாதவருக்கு நான் சொல்வது: 100 சதுர அங்குலம், 295 முதல் 300 கிராம், 32 செ.மீ. சமநிலை, 16×19, ஆர்.ஏ. 65க்குள், மல்டிஃபிலமென்ட் அல்லது சிந்தெடிக் கட் 53 பவுண்டு. இங்கிருந்து எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை அந்த 40 பந்துகள் சொல்லிவிடும்.

வாங்குமுன் இரவல் வாங்கி ஆடிப் பாருங்கள். முடிந்தால் நீங்கள் வழக்கமாகக் கட்டும் ஸ்ட்ரிங்கையே, அதே டென்ஷனில் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஃப்ரேமைச் சோதிப்பதாக நினைத்து ஸ்ட்ரிங்கைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். முதல் பத்து நிமிஷத்துப் பரவசத்தை நம்பாதீர்கள். புள்ளி எண்ணி ஒரு செட்டாவது ஆடி, இரண்டாவது சர்வீஸும் அடுத்தவர் சர்வீஸைத் திருப்புவதும் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் தராசில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். ஒரே பெயர், ஒரே வண்ணம், ஆனால் எடையில் சில கிராம் வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

புது ஸ்ட்ரிங் ஏறிய அன்றே சின்ன ஒட்டுத்தாளில் தேதி, ஸ்ட்ரிங் பெயர், பவுண்டு மூன்றையும் எழுதி ராக்கெட்டின் கழுத்தில் உட்பக்கமாக ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை பந்து வெளியே பறக்கும்போது முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.